இரண்டு ஜெயில், ஒரே பஸ்

எங்கள் ஜில்லாவில் அப்போது பெரிய ஜெயில் கிடையாது. விசாரணை முடிகிறவரை உள்ளூர் சப்-ஜெயில், தண்டனை விழுந்தால் மதுரை. கண்மாய் மடையைத் திறக்கிற தகராறில் என் வீட்டுக்காரரும் பக்கத்து வயல்காரரும் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். சப்-ஜெயில் வாசலில் நானும் அந்த வயல்காரர் சம்சாரமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்போம். மதுரைக்கு மாற்றியபிறகு, எங்கள் ஊர் புதுவயலிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே பஸ். அப்போதும் பேச்சில்லை.

ஒருமுறை நான் போனபோது என் வீட்டுக்காரர் அங்கே இல்லை. முந்தின நாள்தான் திருச்சி ஜெயிலுக்கு மாற்றியிருந்தார்கள். திருச்சிக்கு வழி தெரியாது. கைப்பிள்ளையோடு வாசலில் நின்று அழுதேன். தன் புருஷனைப் பார்த்துவிட்டு வெளியே வந்த அந்த அம்மாள், "அழுதா பஸ் நிக்குமா? வாங்க, நானும் வாரேன்" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டார். என் கூடப்பிறந்தவர்கள்கூட அப்படித் துணைக்கு வந்ததில்லை.

மறுநாள் காலை திருச்சி வார்டர், "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று அந்த அம்மாளைக் கேட்டார்.

"தங்கச்சி."

கம்பிவலைக்குப் பின்னால் வந்த என் வீட்டுக்காரர், என் பக்கத்தில் நிற்பது யாரென்று கண்டு விறைத்துப் போனார். அந்த அம்மாள்தான் முதலில் பேசினார்.

"சாப்பிட்டீகளாண்ணே?"