பொங்கவிட்டுக் கொடுத்த பால்

"…பின்ன பச்சையாவா குடுத்தனுப்புவாங்க? நீங்க வெயில்ல எடுத்துட்டுப் போயி, டவுன்ல மூடியத் தொறக்கறப்ப திரிஞ்சு கெடந்தா எனக்குல்ல அசிங்கம்? அதான் நல்லாப் பொங்கவுட்டு, ஆறவெச்சு ஊத்துனேன் தம்பி."

வாலிகண்டபுரத்தில், தன் மாட்டுக் கொட்டகையில் நின்று அந்த அக்கா இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தொண்ணூறுகளின் கடைசி அது. பெரம்பலூரில் ஓர் ஆய்வுக்கூடத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பால் வாங்கிவரும் வேலை எனக்கு. மடிநோய் வந்த மாட்டின் பாலில் என்ன கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும், அதே கிருமி கறப்பவர் கையிலும் இருக்கிறதா, இதுதான் அங்கே ஆராய்ச்சி. நான் பத்தாவதைத் தாண்டாதவன். கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டேன்.

பாலில் இருக்கும் கிருமியை முதலில் ஒரு தட்டில் முளைக்கவிடுவார்கள். பிறகு அதை இன்னொரு தட்டில் தடவி, ஒவ்வொரு மருந்திலும் நனைத்த சின்னக் காகித வட்டங்களை மேலே வைப்பார்கள். கிருமி தட்டு முழுக்கப் படரும். கேட்கிற மருந்தைச் சுற்றி மட்டும், மாமியாரைக் கண்ட புது மருமகன் மாதிரி ஒதுங்கி நிற்கும்.

அக்கா கொடுத்த பாலில் ஒன்றுமே முளைக்கவில்லை. மடி கல்லாக வீங்கிய மாட்டுக்குக் கிருமியே இல்லையா? "மாட்டுக்கு ஊசி போட்ட கையோட கறந்திருப்பாங்க, மருந்து பால்ல கலந்திருக்கும், போய்க் கேட்டுட்டு வாங்க" என்று ஆய்வுக்கூடத்து மேடம் என்னைத் திருப்பி அனுப்பினார். வந்து கேட்டால் இந்தக் கதை.

அக்கா மேல் தப்பில்லை. பாட்டிலைக் கொடுத்து, "பாலு சுத்தமா இருக்கணும்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவன் நான்.

"கொதிச்சா கிருமி செத்துடும்க்கா. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

"சட்டியில என்ன இருக்குன்னு நீங்கதான சொல்லணும்? ரெண்டு தடவ ஊசி போட்டாச்சு, கேக்கல. காம்பு அடைஞ்சிட்டா அடிமாட்டுக்குத்தான் போவும். தரகரு வெள்ளிக்கெழம வந்து ஓட்டிக்கிறேன்னுட்டாரு."

தூணைக் காட்டினார். புதுக் கயிறு ஒன்று தொங்கியது. மாட்டை விற்கிறவர்கள் கட்டியிருந்த கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். லட்சுமி கூடவே போய்விடுவாளாம். வாங்குகிறவர்தான் கயிறு கொண்டுவர வேண்டும். தரகர் முந்திக்கொண்டு மாட்டிவிட்டுப் போயிருந்தார்.

அன்று புதன்கிழமை. "இப்பக் கறந்து குடுத்தா வெள்ளி காலையில எந்த மருந்துன்னு தெரிஞ்சிடும். கேக்கற மருந்தே இல்லாமயும் போவலாம். அதையும் வந்து சொல்லிடறேன். உங்க கையிலயும் பஞ்சால தொடச்சு எடுத்துக்கறேன்" என்றேன்.

"மாட்டோட சேத்து எனக்கும் ஊசியா? நல்லா இருக்குய்யா ஒங்க ஆராய்ச்சி!" என்றபடியே கையை நீட்டினார்.

பிறகு மடியைக் கழுவினார். நான் கொடுத்த ஸ்பிரிட் பஞ்சால் காம்பைத் துடைத்து, முதல் பாலைக் கீழே பீய்ச்சிவிட்டு, அடுத்ததைப் பச்சையாகவே பாட்டிலில் பிடித்தார். அதை ஐஸ் பெட்டியில் வைத்து மூடினேன். பெட்டியை மொபெட்டில் கட்டும் ரப்பர் பட்டை வரும் வழியிலேயே அறுந்துவிட்டிருந்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டே போய்விடுவேன் என்றேன்.

"கீழ கீழ வுழுந்து ஒடைஞ்சா, அப்பறம் இன்னொரு புதன்கெழமைக்கு எங்க போறது?" என்றவர், நேரே தூணுக்குப் போய்த் தரகரின் புதுக் கயிற்றை எடுத்துவந்து, பெட்டியை மொபெட்டோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார்.