டெரல் கிளம்பட்டும்

சிட்னியில் டைல்ஸ் ஒட்டும் கொரியப் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பயக் ஹேரின் அவர்களில் ஒருத்தி. கொரியாவில் தேஜோன் நகரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நாலு வருஷம் நாற்காலி தேய்த்துவிட்டு, இருபத்தாறு வயதில் வேலை-விடுமுறை விசாவில் வந்து இறங்கினாள். விடுமுறை பெயரில்தான் இருந்தது. முதல் வருஷம், சட்டம் கேட்ட எண்பத்தெட்டு நாளும் பண்ணையில் குனிந்து ஸ்ட்ராபெர்ரி பறித்தாள். இரண்டாம் வருஷ விசாவும் முதுகு வலியும் ஒன்றாகக் கிடைத்தன.

பிறகு சிட்னியின் லிட்கம் பகுதியில் அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் பியோ, ஐம்பது வயது கொரிய டைல்ஸ்காரர், கூடவே வேலைக்குக் கூட்டிப்போனார். ஒரு வருஷம் போவதற்குள், "இனிமே நீ தனியா கான்ட்ராக்ட் எடும்மா" என்றார். போனில் பத்து நிமிஷம் தட்டியதும் அவள் பெயருக்கு ஒரு கான்ட்ராக்டர் எண் வந்துவிட்டது. அன்று முதல் அவளுக்கு அவளே முதலாளி. காகிதத்தில் மட்டும்.

விசா முடிய நாலு மாசம் இருந்தது. போவதற்குள் ஒரு வீட்டையாவது முழுசாகத் தன் கையால் ஒட்டி முடிக்க வேண்டும், அதுதான் ஆசை. பியோவின் சிபாரிசில் டெரல் என்ற கட்டட மேஸ்திரி ஒரு மாடி வீட்டைக் காட்டினார். நாலு குளியலறை. "ஒண்ணு முதல்ல செய். பிடிச்சா மிச்சம் மூணும் உனக்கு" என்றார். அறுபது வயது, அரைக்கால் சட்டை, அதிகம் பேசாத மனுஷன்.

ஹேரின் அந்த முதல் குளியலறையில் சந்தோஷமாக இருந்தாள். ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும்போது கிடைத்த நிம்மதியை எந்தச் சம்பள நாளும் அவளுக்குத் தந்ததில்லை. தினமும் மூன்றேகாலுக்கு அன்றைய வேலை முடிந்துவிடும். வாளியைக் கழுவிவிட்டு எட்டிப் பார்ப்பாள். டெரல் வாசலில் தன் வண்டியில் உட்கார்ந்திருப்பார். பெரியவர் இருக்கும்போது சின்னவள் எப்படிக் கிளம்புவது? தேஜோன் அலுவலகத்தில் மேலாளர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்வரை ஒரு நாற்காலியும் அசையாது. ஆகவே உள்ளே போய்த் துடைத்த டைல்ஸையே மறுபடி துடைப்பாள். ஐந்து மணிக்கு டெரல் வந்து தலையை நீட்டுவார். "முடிஞ்சுதா?" "முடிஞ்சுதுங்க." அவர் கேட்டைப் பூட்டியதும் போவாள்.

வியாழக்கிழமை சாப்பிடும்போது பியோ கிம்ச்சிக் குழம்பைக் கிளறிக்கொண்டே பேச்செடுத்தார்.

"டெரல் போன் பண்ணினாரு. வேலை சுத்தமாம், ஆனா ரொம்ப மந்தமாம். தினம் அஞ்சு மணி ஆகுதாம். மிச்ச மூணையும் வேற ஆளுக்குக் குடுத்துடலாமான்னு யோசிக்கிறாரு."

"அண்ணே, மூணேகாலுக்கே முடிச்சுடுறேன். அவர் கிளம்பவே மாட்டேங்கிறாரே."

பியோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அடிப்பாவி. கேட்டைப் பூட்டணும்னு அந்த மனுஷன் உனக்காகக் காத்துக் கிடந்திருக்காரு. நாளைக்கு நீயே போய்ச் சொல்லு. இதுக்கெல்லாம் நான் வரமாட்டேன்."

மறுநாள் மூன்றேகாலுக்கு வாளியோடு வண்டிப் பக்கம் போனாள்.

"முடிஞ்சுது. நான் கிளம்பறேன்."

டெரல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேத்து எப்ப முடிஞ்சுது?"

"இதே நேரந்தான்."

"அதுக்கு முந்தின நாள்?"

"அன்னிக்கும்தான். நீங்க இருக்கும்போது நான் முன்னாடி போறது மரியாதை இல்லைங்க."

"லேட்டா வர்றேன்னு வீட்டுல என் நாய் நாலு நாளா என்னைத் திட்டிட்டிருக்கு" என்றார் டெரல். பிறகு வண்டியை விட்டு இறங்கி உள்ளே போய், சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு சாவியை அவள் கையில் வைத்தார். "மிச்ச மூணும் நீதான் செய்யறே. இனிமே நீயே பூட்டிக்க. இப்பக் கிளம்பு. எனக்கு நாலு மணிக்கு இங்கே பலகை லோடு வருது."

அவள் தலையாட்டினாள். ஆனால் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நான் போனாத்தான் போவியா?"

டெரல் பெருமூச்சு விட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு தெருமுனை திரும்பிப் போனார்.

ஹேரின் கேட்டைப் பூட்டினாள். இவ்வளவு வெயில் இருக்கும்போது வீட்டுக்குப் போவது அந்த வாரத்தில் அன்றுதான். ரயில் நிலையத்துக்குப் போக அடுத்த தெருவில் திரும்பியபோது அங்கே ஒரு மரத்தடியில் டெரலின் வண்டி நின்றது. அவள் தலை மறைந்த பிறகு லோடு இறக்கத் திரும்பிப் போகலாம் என்று அவர் உள்ளே காத்திருந்தார். அவளைக் கண்டதும் கையிலிருந்த பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பழக்கத்தில் குனிந்து வணங்க வந்த முதுகைக் கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டு, அவரைப் பார்க்காதவள்போல் ஹேரின் நிமிர்ந்தே நடந்தாள்.