சீமெண்ணெயில் கழுவிய கை

நாற்பத்தெட்டு வயதில், பஸ் ஏறினால் அரை மணியில் டாக்டர் வீடு என்ற ஊரில் இருந்துகொண்டு, ஒரு மாதம் முழுக்கத் தன் இடது கையைத் தானே ஊசியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முட்டாளை எனக்குத் தெரியும். நான்தான். இந்தக் கதையை வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்று யோசித்தேன். எனக்குப் பழக்கமானவர்களில் அந்த அளவுக்குத் தகுதி உள்ளவர் ஒருவரும் அகப்படவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. பீளமேட்டுப் பக்கம் கிணற்று மோட்டார் செய்யும் பட்டறை ஒன்றில் நான் பிட்டர் மேஸ்திரி. சாயங்காலம் சங்கு ஊதியதும் நாங்கள் கை கழுவுவதைப் பார்க்க வேண்டும். ஒரு டின் நிறையச் சீமெண்ணெய் இருக்கும். அதற்குள் முழங்கை வரை விட்டு அலசுவோம். பஞ்சு வேஸ்ட்டால் துடைப்போம். அதற்குமேல் சலவைச் சோடாவையும் மரத்தூளையும் அள்ளிப் போட்டுப் பரபரவென்று தேய்ப்போம். கிரீஸ் மசி போய்க் கை சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். அதில் எங்களுக்குப் பெருமை வேறு. இருபது வயதில் அந்தக் கை மறுநாள் விடிவதற்குள் தானாகவே பளபளப்பாகிவிடும். நாற்பத்தெட்டில் அது ஆகவில்லை. எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

அந்த மார்கழிக் குளிரில் என் விரல் கணுக்கள் வெடித்தன. புறங்கைத் தோல் பழைய செய்தித்தாள் மாதிரி மடிந்து நின்றது. போகட்டும், வயசாகிறது என்று விட்டிருப்பேன். ஆனால் இடது முன்கையில் புளியங்கொட்டை அளவுக்குச் சிவப்பாக ஒன்று கிளம்பியது. ஒரு வாரத்தில் வெற்றிலை அளவு ஆனது. ஓரம் தடித்து, நடுவில் செதில் உதிர்ந்தது.

குஷ்டம் என்று நினைத்தேன்.

இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு விளக்கைத் தூண்டிவிட்டு விடியும்வரை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாளில் அந்த நோய் வந்தவரைத் தெருவே ஒதுக்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒதுக்கிய கூட்டத்தில் நானும் ஒருவன். சந்தைக்குப் போகும் பஸ்ஸில் விரல் மழுங்கிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் எழுந்து நின்றுகொண்டே சூலூர் வரை போனவன் நான். அவர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ஒன்று வந்தபோது, அந்த பஸ்ஸில் எல்லோரும் எழுந்து நிற்பது போலத் தோன்றியது.

நான் மட்டும் என்றால் பரவாயில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். சோமனூருக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருந்தவர்கள், தோட்டத்து ஓரமாகவே நாலு தறியும் போட்டிருந்தார்கள். பையன் நல்லவன். மகளுக்கும் பிடித்திருந்தது என்பதை, அவள் அவன் பேச்சை எடுக்காமலே இருந்ததில் இருந்து தெரிந்துகொண்டோம். தைக் கடைசி முகூர்த்தத்தில் உப்புச்சர்க்கரை மாற்றுவதாகப் பேச்சு. எங்கள் பக்கத்தில் அதுதான் நிச்சயம். இரு வீட்டுத் தகப்பன்மாரும் சபை நடுவே எதிரெதிராக உட்கார்ந்து, உப்பையும் சர்க்கரையையும் கையால் அள்ளி ஒருவர் துண்டில் ஒருவர் போட வேண்டும். கையால். ஊரே பார்க்க. பெண்ணின் அப்பன் கையில் இப்படி ஒன்று இருந்தால் யார் பெண் எடுப்பார்கள்?

அந்த நோய் வந்த இடத்தில் உணர்ச்சி இருக்காது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அதனால்தான் ஊசி. காலையில் எழுந்ததும் ஒரு குத்து, "ஸ்" என்று வலிக்கும், அப்பாடா என்று இருக்கும். பத்து மணிக்குச் சந்தேகம் வந்துவிடும். காலையில் வலித்தது சரி, இப்போது வலிக்குமா? பட்டறைக் கக்கூஸுக்குள் போய் இன்னொரு குத்து. இப்படிக் குத்திக் குத்தி அந்த இடம் சல்லடையாகி, ஒரு நாள் உண்மையாகவே மரத்துப்போனது. அன்றைக்கு நான் பட்ட பாடு என் எதிரிக்கும் வர வேண்டாம்.

குத்துவதோடு விட்டேனா? தேய்த்தால் போய்விடும் என்று முடிவு கட்டினேன். துருவைத் தேய்த்துப் போக்கியே வயிறு வளர்த்தவனுக்கு வேறு என்ன புத்தி வரும்? தலைக்குத் தேய்க்கும் அரப்பை அள்ளிக் கையில் அரக்கினேன். கார்பாலிக் சோப்பு போட்டேன். கை பொறுக்காத வெந்நீரை ஊற்றினேன். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்து, இரும்பில் உப்புத்தாள் தேய்ப்பது மாதிரித் தேய்த்தேன். வெற்றிலை அளவு இருந்தது வாழையிலை ஆகப் பார்த்தது.

முழுக்கைச் சட்டைக்கு மாறினேன். பட்டறையில் உடனே கவனித்துவிட்டார்கள்.

"ஏனுங்க மேஸ்திரி, மேனேஜர் ஆயிட்டீங்களாட்ட இருக்குது? எங்களுக்கொரு வார்த்தை சொல்றதில்லீங்களா?"

"சம்பந்தி ஊடு பெரிய எடமுங்கப்பா, இப்ப இருந்தே பழகறாரு."

நானும் சிரித்தேன். சட்டைக்குள் கை எரிந்துகொண்டிருந்தது.

வீட்டில் அதைவிட மோசம். யாருக்கும் ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துக்கொண்டேன். துண்டை நானே துவைத்தேன். மகள் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தால் கை படாமல் வாங்கினேன். ஒரு நாள் என் மனைவி தண்ணீர்ச் செம்பை டொக்கென்று வைத்தாள்.

"ஏனுங்க, இந்தச் சம்பந்தம் உங்களுக்குப் புடிக்கலையா?"

"ஏன், நல்லாத்தானே இருக்குது."

"அப்பறம் எதுக்கு மொகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒதுங்கி ஒதுங்கித் திங்கறீங்க? புள்ள நேத்துப் பொழுதோட அழுதுபோட்டா. அப்பாவுக்கு இஷ்டமில்லீன்னா வேண்டாம்னு சொல்லிப் போடலாம்மாங்கறா."

சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினேன். அவள் பார்த்தாள். நான் அந்த நோயின் பெயரைச் சொன்னேன், பாதிதான் வெளியே வந்தது. அவள் முகமும் வெளுத்தது, பொய் சொல்வானேன். ஆனால் கையைப் பின்னால் இழுக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

"இதென்ன இத்தனை பொத்தலு?"

"ஊசி."

"என்ர ஊசியக் காணோம் காணோம்னு ஒரு மாசமாத் தேடறேன்," என்றாள். அப்புறம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கெளம்புங்க," என்றாள்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு தோல் டாக்டர் இருந்தார். வழியெல்லாம் தெரிந்த முகம் எதிரில் வந்துவிடுமோ என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். துண்டால் முகம் மூடிய ஆளைத்தான் தெருவே திரும்பிப் பார்த்தது.

டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொடுவேன், தொட்டால் சொல்லுங்க என்றார்.

"தெரியுதுங்க," என்றேன்.

"நான் இன்னும் தொடவே இல்லீங்க."

அடுத்து உண்மையாகவே தொட்டார். தெரிந்தது. ஓரத்தில், நடுவில், விரல் நுனியில், எல்லா இடத்திலும் தெரிந்தது. முழங்கை நரம்பைத் தடவிப் பார்த்தார். செதிலைக் கொஞ்சம் சுரண்டி உள்ளே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்தக் கால் மணி நேரம் என் மனைவி சுவர்க் காலண்டரில் இருந்த முருகனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க நெனைக்கறது இல்ல," என்றார். "என்ன வேலை?" சொன்னேன். "கையை எதுல கழுவறீங்க?" அதையும் சொன்னேன். "இது வந்தப்புறம் என்னென்ன செஞ்சீங்க?" அரப்பில் ஆரம்பித்து எலுமிச்சம்பழம் வரை வந்தேன். ஊசியை விட்டுவிடலாம் என்று பார்த்தேன், மனைவி விடவில்லை. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"உங்களுக்கு ஆன வயசு உங்க தோலுக்கும் ஆகுமில்லீங்க? சின்ன வயசுல அதுல தன்னால எண்ணெய்ப் பசை ஊறும். வயசாக ஆகக் கொறையும். ஊறற கொஞ்சத்தையும் சீமெண்ணெய் ஊத்தி எடுத்துப் போட்டா, அது வறண்டு, வெடிச்சு, கோவிச்சுக்குது. கோவிச்சுக்கிட்டதைப் போயி நீங்க அரப்புப் போட்டுத் தேய்க்கறீங்க."

சீமெண்ணெய், சோடா, அரப்பு, எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். துடைத்து ஈரம் முழுதும் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயை மெல்லப் பூச வேண்டும், அழுத்திக்கூடத் தேய்க்கக் கூடாது. சிவந்த இடத்துக்கு மட்டும் ஒரு களிம்பு. "மத்தபடி கையைச் சும்மா விடுங்க. அதுக்கு நல்லது செய்யறேன்னு எதுவும் செய்யாதீங்க."

"எப்பத்திக்கு ஆறுமுங்க?"

"ஒரு மாசம், ஒண்ணரை மாசம்."

"உப்புச்சர்க்கரை இன்னும் பத்து நாள்லீங்க!"

"அதுக்கெல்லாம் என்கிட்ட மருந்து இல்லீங்க."

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த நோய் இல்லை என்று ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சினேன். சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பத்து நாளில் அரிப்பு அடங்கியது. வெடிப்பு பாதி மூடியது. சிவப்பு மட்டும் என் அவசரம் புரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. பட்டறையில் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தேன். "மேஸ்திரி, மருதாணி வெச்சிருக்கறீங்களா, கல்யாணம் உங்களுக்குங்களா?" என்றார்கள். மகள்தான் காலையும் மாலையும் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "கையக் குடுங்கப்பா," என்பாள். காரணம் தெரிந்த பிறகு அவள் முகம் தெளிந்துவிட்டது. அதுவே என் பயத்தை இரண்டு மடங்காக்கியது. இனி இது உடைந்தால் என் கையால்தானே உடையும்?

அந்த நாளும் வந்தது. முன்னாலேயே மாப்பிள்ளையின் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது என்று ஏற்பாடு. வாசலில் சொல்ல நினைத்தேன், கும்பிடு போட்டேன். காப்பி குடிக்கும்போது சொல்ல நினைத்தேன், மழை பற்றிப் பேசினேன். அதற்குள் சீர் செய்யும் பெரியவர் குரல் கொடுத்துவிட்டார். பாயில் சம்பந்திக்கு எதிரே போய் உட்கார்ந்தேன். இத்தனை நாள் சட்டைக்குள் ஒளித்தது எல்லோர் கண்ணிலும் படும்படி, வேட்டியும் மேல்துண்டுமாக வெற்று உடம்போடு இருந்தேன், சபைக்கு அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டு கையாலும் உப்பை அள்ளினேன். மூடாமல் இருந்த ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் கல் உப்பு இறங்கியது. உச்சி வரை எரிந்தது. கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"பாருங்க, பெத்தவனுக்குத் தாங்கலை," என்றது ஒரு பெண் குரல்.

"ஒத்தைப் புள்ளையில்லீங்களா!"

எரிச்சலில் விரல் விலகி நாலு கல் பாயில் சிந்தியது. உப்புச் சிந்தினால் சகுனம் ஆகாது என்று யாரோ முணுமுணுத்தார். எதிரே துண்டை விரித்துப் பிடித்திருந்தவர் பார்வை, சிந்திய உப்பில் இருந்து மெல்ல நகர்ந்து, என் விரல், மணிக்கட்டு, முன்கை என்று ஏறி அந்தச் சிவப்பில் வந்து நின்றது. நின்றதா, நகர்ந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்கு ஒரு யுகம் நின்றது. மனைவி மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தாள். மகளைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

"சம்பந்தி," என்றேன். குரல் யாருடையதோ மாதிரி வந்தது. "இது அது இல்லீங்க. வயசான தோலு, சீமெண்ணெயில வெந்துபோச்சுங்க. நான்தான் கூறுகெட்டத்தனமாத் தேய்ச்சு ரணமாக்கிப் போட்டேன். டாக்டரே எழுதிக் குடுத்திருக்கறாருங்க, மடியில இருக்குது, எடுத்துப் பாருங்க."

உப்பு நிறைந்த கையோடு சீட்டை எப்படி எடுப்பது? முழங்கையால் இடுப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், சீட்டின் ஒரு முனை எட்டிப் பார்த்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டை இன்னும் கொஞ்சம் என் பக்கமாக நீட்டினார்.

"எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க, உப்பைப் போடுங்க."