மச்சாள் பிழிந்த பியர்

மஞ்சள் ரப்பர் கையுறைகளை முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆவி பறக்கும் துணிப்பையை மச்சாள் முறுக்கிப் பிழிந்த காட்சி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மச்சாள் என்றால் என் மனைவியின் தமக்கை. இத்தாலியில் பலேர்மோ நகரத்தின் எத்தனையோ சிஞ்ஞோராமாரின், அதாவது வீட்டு எசமானிகளின், குசினிகளில் சமையல் வேலை பார்த்து அவற்றை ஆண்டவர். அதே நகரத்தில் சீசா என்ற பகுதியில் இருக்கும் என் குசினி மட்டும் தப்புமா?

அவருடைய மகள் கோயிலில் முதல்நன்மை வாங்கும் நாள் விருந்துக்கு வீட்டிலேயே பியர் காய்ச்சித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். முந்திய தடவை நான் காய்ச்சியது சப்பென்று போயிருந்தது. மச்சாளின் கணவர், என் சகலன், ஒரு மிடறு குடித்துவிட்டு, “மந்திரிச்ச தண்ணி நல்லாயிருக்கு. ஆரை ஆசீர்வதிக்கப் போறியள்?” என்று சபையில் கேட்டார். இன்னொரு தரம் அப்படி நடந்தால் நான் ஊரை மாற்றவேண்டியதுதான். தவறு எங்கே என்று எனக்குத் தெரியும். முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மோல்ட்டை, வெந்நீரில் ஊறவைத்தால் அதன் இனிப்பு முழுவதும் இறங்கிவிடாது. செய்முறை எழுதியவர் முக்கால் பங்கு இறங்கும் என்று நம்பியிருந்தார். என் சட்டியில் பாதி இறங்குவதே பெரும்பாடு. ஆகவே இம்முறை மோல்ட்டைத் தாராளமாகக் கூட்டி ஊறவைத்துவிட்டு, யாரோ போனில் அழைக்கப் பல்கனிக்குப் போனேன்.

திரும்பி வந்தால் மச்சாள் தேங்காய்ப்பால் எடுத்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் சொல்லவேண்டும். மோல்ட்டிலிருந்து முதற்பால் வடித்து, சக்கைக்குச் சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து இரண்டாம் பால், பிறகு மூன்றாம் பால்.

“ஐயோ மச்சாள், என்ன செய்யிறியள்?”

“சக்கை இன்னும் இனிக்குது. அப்பிடியே குப்பையிலை போடுவியளோ, ஊதாரி!”

வடித்த சாற்றில் கண்ணாடி மிதவையை விட்டுப் பார்த்தேன். இனிப்புக் கூடினால் அது உயரும். நாற்பத்தைந்து காட்டவேண்டியது அறுபதில் நின்றது. இனிப்பு எவ்வளவோ, புளித்தபின் வெறியும் அவ்வளவு. என் தலைக்குள் விருந்து அப்போதே தொடங்கிவிட்டது: பங்குச் சுவாமியார் மேசைக்குக் கீழே, சகலன் மேசைக்கு மேலே. தப்பியோட சார்டீனியாத் தீவுக்கு எப்போது கப்பல் என்று நான் கைபேசியில் தேடியது மனைவிக்கு இன்னும் தெரியாது.

“பேயறைஞ்ச மாதிரி நிக்காமல் கணக்கைப் பாருங்கோ மச்சான். கணக்கு வருமெண்டுதானே உங்களுக்குப் பொம்பிளை தந்தது?”

கணக்கு வந்தது. சட்டியில் இருந்த பதினெட்டு லீற்றரை அறுபதால் பெருக்கி நாற்பத்தைந்தால் பிரித்தால் இருபத்துநான்கு. ஆறு லீற்றர் தண்ணீர் விட்டால் இனிப்புச் சரி. கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் பூவையும் அதே வீதத்தில் கூட்டினேன். சட்டி போதவில்லை. சகலன் நகரின் மறுகோடியில், தங்கள் வீடு இருந்த பிரான்காச்சோவிலிருந்து சோற்றுக் கிடாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

விருந்தில் சுவாமியார் இரண்டாம் கிளாஸும் வாங்கிக் குடித்தார், நிமிர்ந்தே நடந்துபோனார். சகலன் குடிப்பதற்கு மட்டுமே வாய் திறந்தார்.

மச்சாள் குடும்பம் இப்போது ஜெனோவாவில். பிழிவதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, செய்முறையில் மோல்ட்டைக் குறைத்துவிட்டேன். போன மாதம் இடுப்பில் நாரிப்பிடிப்பு என்று சாட்டுச் சொல்லிப் பிழியாமல் விட்டேன். மிதவை தாழ்ந்தது. மந்திரித்த தண்ணீர் நினைவுக்கு வர, பதறிப்போய் மச்சாளுக்கே அழைத்தேன்.

“மோல்ட்டை எவ்வளவு கூட்டிறதெண்டு தெரியேல்லை மச்சாள்.”

அவருடைய சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. “மோல்ட்டைத் தொடாதேங்கோ. சக்கை சூடாய்த்தானே கிடக்கு? போய்ப் பிழியுங்கோ. நான் லைனிலை நிக்கிறன்.”

கைபேசியைச் சுவரில் சாத்திவைத்துவிட்டுப் பிழிந்தேன். “இன்னும், இன்னும்” என்று ஜெனோவாவிலிருந்து ஏவிக்கொண்டே இருந்தார்.