மழை வேண்டும், மழை வேண்டாம், அண்ணன் வேண்டும்

ஜெப உதவித் தொலைபேசியில் உட்காருகிறவளுக்குக் காது இருந்தால் மட்டும் போதாது, வாயை மூடவும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அந்த இரண்டாவது தகுதி கிடையாது.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊரார் துயரம் கேட்டுச் சம்பளம் வாங்கும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும். எனக்குப் பகலில் கல்லூரி, சாயங்காலம் இந்த வேலை. என் அண்ணன் சாமுவேல் இருக்கும் சரக்குக் கப்பலை அதன் முதலாளி ஏதோ வெளிநாட்டுத் துறைமுகத்தில் அம்போவென்று விட்டுவிட்டான். சம்பளம் இல்லை, கரையில் இறங்க அனுமதியும் இல்லை. முத்தையாபுரத்திலிருந்து வரும் பஸ்ஸில் நம் துறைமுக விளக்குகள் தெரிந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அங்கே நிற்கும் கப்பல்களில் ஒன்று அண்ணனுடையதாக இருக்கக் கூடாதா? "பொறுத்திருங்கள், கர்த்தர் வழி திறப்பார்" என்று ஊருக்குச் சொல்ல என்னையா உட்கார வைக்க வேண்டும்?

இரண்டு வானிலை

உப்பளத்தில் வேலைபார்க்கும் ஓர் அம்மா கூப்பிட்டார். மழை வந்தால் வேலை நின்றுவிடும், அடுப்பும் நின்றுவிடும், பெய்யக் கூடாது. உருகி உருகி ஜெபித்தேன். அடுத்த அழைப்பு தாமிரபரணிப் பக்கத்து விவசாயி. நெல் வாடுகிறதாம். இந்துதான். "எந்தச் சாமி ஆனாலும் சரி தாயி, மழை வந்தாப் போதும்."

எனக்குப் பொங்கிவிட்டது. இரண்டுக்கும் எப்படி ஆமென் சொல்வது? ஒரு நியாயம் வேண்டாமா? மேற்பார்வை பார்க்கும் ஜெபமணி அக்கா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஏளா, ரெண்டையும் அனுப்பு. பிரிச்சுக் குடுக்கது அவரு பாடு. நீ என்ன தாசில்தாரா?"

பின்பாதி

ஆலந்தலையிலிருந்து ஒரு மீன்காரம்மா. கத்தோலிக்கர். தினமும் ஜெபமாலையின் முன்பாதியை இவர் சொல்ல, பின்பாதியைக் கணவர் சொல்லி முடிப்பாராம். கணவரைக் கடல் கொண்டுபோய்விட்டது.

"முன்பாதியச் சொல்லிட்டு முழிச்சிக்கிட்டு இருக்கேன். பின்பாதிக்கு ஆளில்ல. நீ சொல்லுதியா?"

நானோ நாசரேத்துப் புராட்டஸ்டண்ட் வீட்டுப் பெண். எங்கள் சபையில் ஜெபமாலை கிடையாது, அது ஏன் கிடையாது என்றெல்லாம் வாதாட ஆரம்பித்து, எனக்கே அசிங்கமாகிப் பாதியில் நிறுத்தினேன். "எனக்கு அது தெரியாதும்மா" என்றேன்.

"தெரியாட்டிப் போகுது. லைன வச்சிராத தாயி. நீ மூச்சு விடுத சத்தம் கேட்டாப் போதும்."

கப்பலிலிருந்து ஒரு விண்ணப்பம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கைப்பேசியில் அண்ணனே கூப்பிட்டான். ஜெனரேட்டர் ஓடும்போதுதான் போனுக்குச் சார்ஜ். குடிதண்ணீரை அளந்து ஊற்றுகிறார்களாம். அதற்காக முந்தின நாள் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்களாம். பொழுது சாயும்போது ஜெபத்துக்கு அதே இரண்டு பேரும் மேல்தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களாம்.

"ஒன்ன எறக்கிவிடச் சொல்லி தெனமும் கர்த்தரோட சண்டை போடுதேன்ணே. அவருக்குக் காதே கேக்கல" என்றேன்.

சிரித்தான். அவன் சிரிப்புகூட இளைத்துப் போயிருந்தது.

"அத நம்ம அம்மா ஜெபத்துல கேட்டுக்கிடுவா. ஏளா, நீ வேற ஒண்ணு கேளு. எறங்குத வரைக்கும் நாங்க ஒருத்தர ஒருத்தர் அடிச்சுக்கிடாம இருக்கணும். அது போதும்."

இப்போது அவன் கேட்டதை முதலில் கேட்டுவிட்டுத்தான் என் சண்டையைத் தொடங்குகிறேன். என்ன செய்ய, சண்டை போடவாவது தினமும் அவர் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறதே.