செல்வாம்பாள் குறைத்த தீனி

வீராம்பட்டினத்துச் செல்வாம்பாள் மீன் கூடையை இறக்கி வைத்ததற்குக் காரணம் அவளுடைய முட்டிகள். தொண்ணூற்றைந்து கிலோ உடம்பு. கூடையோடு தெருத்தெருவாக நடக்க முடியவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்லி, புதுச்சேரிக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பன்றிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. வீட்டில் ஆஸ்பத்திரி வேலை என்று சொல்லிவைத்தாள்.

உடம்பு பெருத்தால் மனிதனின் ஈரலும் ரத்தக்குழாயும் என்ன ஆகின்றன என்று பன்றிகளை வைத்துப் பார்த்தார்கள். உள்ளே இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது என்று டாக்டர் நிர்மலாதேவி முதல் நாளே சொன்னார். மொத்தம் எட்டுப் பன்றிகள். சர்க்கரையும் பாமாயிலும் பிசைந்த தீனியை இரண்டு வேளையும் வைத்து, தின்ற அளவை நோட்டில் எழுத வேண்டும். திங்கட்கிழமைதோறும் எடை போட வேண்டும்.

ஆறாம் மாதம் ஏழாம் நம்பர் பன்றியால் எழுந்திருக்க முடியவில்லை. முன்கால்களை மடக்கி, முட்டியாலேயே தொட்டிக்குத் தவழ்ந்து வந்தது. கத்திக்கொண்டே தின்றது. அந்த வலி செல்வாம்பாளுக்குத் தெரியும். அன்று முதல் அதன் தீனியில் பாதியைக் குப்பைப் பையில் கொட்டிவிட்டு, முழுவதும் தின்றதாக எழுதினாள்.

இரண்டு மாதத்தில் அது நிமிர்ந்து நின்றது. அவள் குரல் கேட்டால் கம்பிக் கதவுக்கு ஓடி வந்தது.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். "இவ்வளவு தின்னும் இது மட்டும் எடை ஏறல. உடம்புல என்னமோ இருக்கு. புதன்கிழமை அறுத்துப் பாத்துடலாம்."

செல்வாம்பாள் குறுக்கே வந்தாள். "வேணாம் மேடம். அது முழுசா தின்னவே இல்ல. நான்தான் பாதிய கொட்டிட்டேன்."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எத்தன நாளா?"

"ரெண்டு மாசமா. முட்டி தாங்காம கத்துச்சி மேடம்."

"எங்கிட்ட சொல்லியிருந்தா வலிக்கு மருந்து குடுத்திருப்பேனே!"

செல்வாம்பாள், "அப்ப இத அறுக்க மாட்டீங்கல்ல?" என்றாள்.

"கணக்கு கெட்டுப்போச்சு செல்வாம்பாள். இனிமே இத இங்க வெச்சிக்க முடியாது. வெளியில விடவும் சட்டத்துல இடமில்ல."

புதன்கிழமை இரண்டு ஆட்கள் போய் இழுத்தார்கள். அது மூலையில் ஒடுங்கிக்கொண்டது. கடைசியில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். "வாடா" என்றாள், நடந்து வந்தது. ஊசி இறங்கி அதன் தலை அவள் மடியில் கனக்கும்வரை காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தாள்.

மறுநாளே வேலை போயிற்று. இப்போது புதுச்சேரியில் சாரம் பகுதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து காய் நறுக்குகிறாள். ஆஸ்பத்திரி வேலையை ஏன் விட்டாய் என்று மகள் கார்குழலி கேட்டதற்கு, "நோட்டுல பொய் எழுதிட்டேன்டி" என்றாள். மேற்கொண்டு கேட்க விடவில்லை.