ஒரு மூலையை அழுத்தினால்

லோகநாயகிக்கு ஒரு பழக்கம். எதைத் தட்டையாக வைத்தாலும் அதன் ஒரு மூலையை விரலால் அழுத்தி, எதிர் மூலை தூக்குகிறதா என்று பார்ப்பாள். ஓட்டல் மேசை, கல்யாண வீட்டு மணைப்பலகை எதுவும் தப்பாது. சாப்பாட்டுத் தட்டு ஆடினால் இடம் மாற்றி வைத்துவிட்டுத்தான் சோறு போடுவாள்.

"தட்டு இன்னா ஓடியா பூடப்போவுது? சோத்தைப் போடுமே" என்று புருஷன் வேம்புலி கத்துவான்.

தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. நசரத்பேட்டையில் கூலிக்கு நாற்று நட்டவர்களின் மகள். பத்தாவது முடித்துவிட்டு வேலப்பன்சாவடியில் பல் செட்டு செய்யும் லேபில், அச்சு வார்க்கும் ஜிப்சம் மாவு கரைக்கச் சேர்ந்தாள். சில வருஷங்களில் உலோகம் வார்ப்பதில் அவள் கை தேறிவிட்டது. எங்கும் ஒட்டில்லாமல் ஒரே வார்ப்பாக எடுப்பாள். அறுத்து ஒட்டிய வேலையைப் பார்த்தால் முகம் சுளிப்பாள்.

தொண்ணூற்று நாலில், லேபுக்கு வேலை தரும் டாக்டர் பார்த்தசாரதி தாடை எலும்பிலேயே டைட்டானியம் திருகுகளைப் பதித்துப் பல் கட்டும் வைத்தியத்தைத் தொடங்கினார். முதல் நோயாளி ஞானம்மாள். ஆவடி பேக்டரி குவார்ட்டர்ஸ்காரம்மா. கீழ்த்தாடையில் நாலு திருகு. அந்த நாலின் மேலும் உட்காரும்படி ஒரு உலோகச் சட்டம் வேண்டும், அதன் மேல்தான் பல். சட்டத்தை லோகநாயகி வார்த்தாள். மாவு அச்சில் அசையாமல் உட்கார்ந்தது. வாயில் வைத்து, சட்டத்தைத் திருகோடு பிடிக்கும் ஸ்குரூவை ஒரு கோடியில் முடுக்கினால் மறு கோடி மயிரிழை தூக்கியது. மறுபடி அளவெடுத்து மறுபடி வார்த்தாள். அதுவும் தூக்கியது.

"நாலையும் முடுக்கிட்டா அமுங்கிடும் சார்" என்றாள்.

"சொந்தப் பல்லுன்னா கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கும்மா. இது எலும்போட எலும்பா பிடிச்சிருக்கு, அசையாது. பலவந்தமா முடுக்கினா ஸ்குரூ உடையும், இல்லேன்னா எலும்பு கரையும். இன்னொரு தடவை பாருங்க. சரிவரலேன்னா இந்த வேலையெல்லாம் பம்பாய்க்கு அனுப்பிடறேன்."

நாற்காலியில் சாய்ந்திருந்த ஞானம்மாள், "எம் பேத்திக்கே பல்லு மொளைச்சிடுச்சு டாக்டர். எனக்கு எப்போ?" என்றாள்.

பம்பாய்க்குப் போனால் அந்த வேலை தன் கைக்குத் திரும்பாது. லோகநாயகிக்கு அது தெரியும். மூன்றாவது சட்டமும் அச்சில்தான் உட்கார்ந்தது. வாயில் எப்படி இருக்குமோ! அன்று காலை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவளை வேம்புலி பார்த்தான். திருமழிசைத் தொழிற்பேட்டையில் அவன் வெல்டர். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இரும்பு கேட்டு செவுத்துல ஒக்காரலன்னா நான் இன்னா புச்சாவா செய்வேன்? நடுவுல அறுத்துடுவேன். ரெண்டு துண்டையும் அதுங்க எடத்துல ஒக்கார வெச்சி, அங்கியே பொட்டு மாரி ஒரு டாக்கு. அப்பால கயட்டியாந்து முழுசா வெல்டு."

"யோவ், பல்லும் கேட்டும் ஒண்ணா? கெய்வி வாயில வெல்டு வெப்பியா நீ?"

"வெக்கிறேன். காசு குடுக்கச் சொல்லு" என்று கை கழுவப் போய்விட்டான்.

வாயில் மூன்றாவது சட்டமும் தூக்கியது. டாக்டர் கையுறையைக் கழற்றத் தொடங்கினார். லோகநாயகி சட்டத்தை வாங்கி, மெஷினில் உலோகம் அறுக்கும் மெல்லிய வட்டை மாட்டினாள். தான் வார்த்ததைத் தானே அறுப்பது அதுதான் முதல் தடவை. நடுவில் இரண்டாக்கினாள். பாதிகளைத் தனித்தனியாக முடுக்கச் சொன்னாள். இரண்டும் அலுங்காமல் உட்கார்ந்தன. இடைவெளியில் சிவப்பு அக்ரிலிக் பசையை வைத்து, இறுகும்வரை ஞானம்மாளிடம் வாயை மூடாதிருக்கச் சொன்னார்கள். பிறகு ஒரே துண்டாகக் கழற்றி, லேபில் மாவில் பதித்து, பற்றவைத்துக் கொண்டுவந்தாள்.

மறுபடி ஒரு கோடியில் மட்டும் ஸ்குரூ. மறு கோடி அசையவில்லை. டாக்டர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டும் பார்த்தார்.

"இதை எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"நானா யோசிச்சேன் சார்."

வாயில் வந்துவிட்டது. பஸ் ஏறிய பிறகுதான் உறுத்தியது. வீட்டுக்குப் போய், உன் யோசனைதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் வேம்புலியிடம் சொன்னால் விடிவதற்குள் திருமழிசை முழுக்கத் தெரியும். ஆயுசுக்கும் குத்திக்காட்டுவான். அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டாள்.

பிறகு எல்லாச் சட்டங்களும் அவளிடமே வந்தன. ஒரு நாள் டாக்டர் வேம்புலியைப் பார்த்தபோது அவளைப் புகழ்ந்தார். அன்றிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. ஒருமுறை கூட்டாளிகள் நடுவில் அளந்துகொண்டிருந்தவனிடம், "யோவ், அந்த சட்டம் இருக்கில்ல…" என்று ஆரம்பித்தாள்.

"இரும்மே, நான் சொல்லிகினு கீறேன்ல" என்று அடக்கிவிட்டான்.

தொண்ணூற்றெட்டில் மஞ்சள் காமாலை வந்து லோகநாயகி போய்விட்டாள். வேம்புலி இன்னும் டீக்கடையில் பெஞ்சின் ஒரு மூலையை அழுத்திக் காட்டித்தான் கதையைத் தொடங்குகிறான்.

"அறுத்து ஒட்டணும்னு அவளே கண்டுபுடிச்சா மாமே. கேட்டுக்கு நானும் அப்டித்தான் பண்றேன். ஆனா பல்லுக்கு எனுக்குத் தோணுமா?"

உனக்குத்தானய்யா தோணுச்சு என்று அவனுக்குச் சொல்லவேண்டிய அந்த ஒரு வார்த்தை, அவள் பாக்கியாகவே நின்றுவிட்டது.